கடலறிவும் கடதாசியும்

வடமராட்சிக் கரையில் வாழும் மக்களுக்குக் கடல் புதியதன்று. சோளகம் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும் என்பவற்றை அவர்கள் ஏட்டிற் கற்றவரல்லர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்ற புதுப்பெயருடன் அது 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அந்நெடும்பயணத்தில் உழைத்தவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள். இச்செய்தியை நாம் மேடைகளிற் பெருமையோடு கூறுகிறோம். அக்கரையிற் பிறந்த இளைஞன் ஒருவன் இன்று கப்பலில் ஒரு படி உயர எண்ணினால் அவனுக்கு நேர்வது யாது என்பதை நாம் கேட்பதில்லை.

நம்மிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் சரக்குக் கப்பல்களிற் சாதாரண மாலுமியாகப் பணி செய்பவன். அதிகாரித் தரத்துக்குரிய சான்றிதழைப் பெற விரும்பினான். மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய 1978ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை இதற்கு வழிவிட்டே இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தின் வழியே வராதவர்கள் 36 மாதக் கடற்சேவையைக் காட்டி, அதற்குரிய கல்வியையும் பரீட்சையையும் முடித்தல் வேண்டும். இவ்விதியை நாம் குறை கூறோம். 1967இல் 'ரொறி கன்யன்' என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையருகே பாறையில் மோதிக் கடலையும் கரையையும் எண்ணெயால் மூடியது. கப்பற்றளத்திற் காவல் நிற்பவனுடைய அறிவு பலருடைய உயிருக்குப் பொறுப்பு. தேர்வு கடினமாயிருப்பதே நன்று.

ஆனால் அவன் தேர்வுவரை செல்லவேயில்லை. அவன் கடலிற் கழித்தவை 38 மாதங்கள். அவற்றுள் 9 மாதங்களுக்குரிய முத்திரை, மாலுமிகள் 'சி.டி.சி.' என வழங்கும் சேவைப் புத்தகத்தில், நீர்பட்டு மங்கிவிட்டது. கப்பல் நிறுவனத்தின் கடிதம் கொண்டுவருமாறு அலுவலகம் ஒன்றிற் கூறினர். நிறுவனமோ கடையைக் கட்டிவிட்டது. ஆகவே கணக்கில் எஞ்சியவை 29 மாதங்களே. "சேர், நான் கப்பலிலை நிண்டது உண்மை. அதைக் கடதாசியிலை காட்டேலாமல் கிடக்கு" என்றான் அவன்.

பின்னர் பெயரிலும் இடர் எழுந்தது. போர்க்கால இடப்பெயர்விற் பிறந்த அவனுடைய பிறப்புப் பதிவு தமிழில் உள்ளது. பாடசாலைச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பெயர் ஆங்கிலத்தில் உள்ளது. நம் தகர ஒலியை ஒன்றில் 'ரி' என்ற ஓரெழுத்தாலும், மற்றதில் 'எச்' சேர்த்து ஈரெழுத்தாலும் எழுதிவிட்டனர். ஓரெழுத்தின் வேற்றுமையால் ஒருவன் இருவரானான்! விளக்கம் கேட்டு வந்த கடிதமோ சிங்களத்தில் மட்டுமே இருந்தது. 1956இற் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாக்கப்பட்டது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகுமென விதித்தது. சட்டம் மாறியது, கடித உறையினுள் அம்மாற்றம் வந்து சேரவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து தலைநகர் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஓர் இரவுப் பயணம். ஒப்பந்தம் முடிந்து கரையில் நிற்கும் மாலுமிக்குச் சம்பளம் இல்லை. இதனிடையே வேறு கடதாசிகள் காலாவதியாகின்றன. மருத்துவச் சான்றிதழ் இரண்டாண்டுக்கு மேற் செல்லாது. பாதுகாப்புப் பயிற்சியின் தகைமையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீள நிறுவ வேண்டும். ஒன்றைத் தேடிப் பெறுவதற்குள் மற்றொன்று காலங்கடந்து விடுகிறது. வீட்டிற் கடன் ஏறவே, அவன் பழைய தரத்திலேயே மீண்டும் கப்பலேறினான்.

கருமபீடத்தில் இருந்த எழுதுவினைஞரை நாம் நோகவில்லை. விதிக்குப் புறம்பாக ஒப்பமிட்டால் அவருடைய வேலைக்கே கேடு. நம் கேள்வி வேறு. உழைத்ததை நிறுவும் சுமை முழுவதும் உழைத்தவன் தலையிலேயே ஏன் ஏற்றப்படுகிறது? முதலாளி கணக்கை மூடிச் சென்றதும் தொழிலாளியின் ஒன்பது மாத வியர்வை எவ்வாறு இல்லாததாயிற்று?

வரலாற்றில் இதற்கு வேறு வழியும் காணப்பட்டதுண்டு. வெளிநாடு செல்லும் கப்பல்களின் தலைவர்களும் துணையதிகாரிகளும் சான்றிதழ் பெறவேண்டுமெனப் பிரித்தானியா 1850இற் சட்டம் செய்தது. அதற்கு முன்பே அப்பதவிகளிற் பணியாற்றியோர்க்குப் பரீட்சையின்றிச் 'சேவைச் சான்றிதழ்' கொடுத்தது. அன்றைய கடலாதிக்க அரசே அனுபவத்தை அறிவென ஏற்றது! நாம் அத்துணை கேட்கவில்லை. பரீட்சை இருக்கட்டும். நிறுவனம் மறைந்தால் கப்பலின் மாலுமிப் பட்டியலையும் உடனுழைத்தோர் சத்தியக்கூற்றையும் ஆராய்ந்து சேவையைக் கணிக்கட்டும். விண்ணப்பத்தை வடக்கிலேயே தமிழிற் கொடுக்கவும், பதிலைத் தமிழிற் பெறவும் வழி செய்யட்டும்.

ஆசிரியராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. பரீட்சை விண்ணப்பங்களில் மாணவரின் பெயரை எழுதும்போது பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டு, ஆங்கில எழுத்தை ஒரே வகையாக நிலைநிறுத்துவோம். தொழிலுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு ஒப்பந்தம், முத்திரை, சம்பளச்சீட்டு ஆகியவற்றைப் படியெடுத்துப் பேணக் கற்பிப்போம். சங்கமாகச் சேர்ந்து கேட்கவும் கற்பிப்போம். தனியொருவன் கேட்டால் அவனுக்குக் கிடைப்பது இன்னொரு தவணைதான்.