எப்போ ஆடுது?

வண்டியை நிறுத்தியதும் மேஸ்திரி ஜாக்கியை எடுப்பார் என்று நினைத்தேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை. வேப்பமரத்தடியில் படுக்கப் போட்டிருந்த பழைய டயரில் உட்கார்ந்தபடியே, “எப்போ ஆடுது?” என்றார்.

“ஸ்டீயரிங் ஆடுது. பிரேக் பிடிச்சா கத்துது.”

“அது சரி சார். எப்போ?”

சென்னைப் புறநகரான வெள்ளானூரில் உள்ளடங்கிய தெருவொன்றில் இருக்கிறது அந்தத் தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. இந்தப் பக்கத்துக்கும் பிரேக்குக்கும் உறவு பழையது. பாடியில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் வந்தது. அதே பாடியில் வீல்ஸ் இந்தியா. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரானேயின் பிரேக் லைனிங் ஆலை. வண்டி ஓடவும் நிற்கவும் வேண்டிய சாமான்கள் இங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குள் உருவாகின்றன. அங்கே அளப்பதற்கு எந்திரங்கள் உண்டு. இங்கே மேஸ்திரியின் காதும் பாதமும், புதுப்பேட்டையில் பழசாக வாங்கிய ஒரு டயல் கேஜும்.

ஏற்கெனவே ஒரு டயர் கடையில் இரண்டு முறை வீல் பேலன்சிங் செய்திருந்தேன். ஆட்டம் போகவில்லை. அதைச் சொன்னதும், “பிரேக்ல கால் வைக்காம எண்பதுல போனா ஆடுதா?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இல்லை. பிரேக்கை மிதித்தால்தான் ஆடுகிறது. “அப்போ பேலன்சிங்குக்குக் கொடுத்த காசு தண்டம்” என்றார், அனுதாபம் ஏதுமின்றி. சும்மா ஓடும்போதே குறிப்பிட்ட வேகத்தில் ஆடினால் பேலன்சிங்கையோ டயரையோ சந்தேகப்படலாம். பிரேக்கில் மட்டும் ஆடினால் பிரேக் டிஸ்க்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் உதறினால் முன் சக்கரம்; சீட்டு உதறினால் பெரும்பாலும் பின் சக்கரம்.

பிறகு ஒரு சுற்றுப் போனோம். ஏறும்முன் செருப்பைக் கழற்றினார். கோயிலுக்குள் போவதுபோல் இருக்கிறதே என்று தோன்றியது. வெறும் பாதத்தைத் தரையில் அழுத்திவைத்து உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. ஆளில்லாத ஒரு காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டச் சொன்னார். சக்கரத்தின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வருகிறது. திருப்பி வந்து மறுபக்கம் சுவர் இருக்கும்படி இன்னொரு முறை. “இடது முன்னாடி” என்றார். அடுத்து வெளிவட்டச் சாலைப் பக்கம் போய், எண்பதிலிருந்து மெல்ல பிரேக். ஸ்டீயரிங் உதறியது, பெடலும் காலைத் தள்ளியது.

கொட்டகைக்குத் திரும்பிச் சக்கரத்தைக் கழற்றியதும் உதவியாளர் பையன் ஏர் ஹோசை எடுத்தான். மேஸ்திரிக்கு அதுவரை காட்டாத கோபம் வந்தது. “ஊதாதடா, எத்தினி வாட்டி சொல்றது!” ஒரு காலத்தில் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது, அந்தத் தூசி நுரையீரலைத் தின்னும். இப்போது என்ன கலக்கிறார்கள் என்று ஒவ்வொரு டப்பாவையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால்தான் துடைக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அவரே எத்தனை வருஷம் ஊதினாரோ, நான் கேட்கவில்லை.

கத்தலுக்குக் காரணம் சீக்கிரம் கிடைத்தது. பிரேக் பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் வழுக்கி நகர உதவும் பின் ஒன்று காய்ந்து இறுகியிருந்தது. அதனால் உள்பக்கப் பேட் 2 மில்லிமீட்டராகத் தேய்ந்திருக்க, வெளிப்பக்கம் இன்னும் 6 பாக்கி. பேட் தீரும்போது டிஸ்க்கை உரசிக் கீச்சிடுவதற்கென்றே ஒரு சின்னத் தகர நாக்கு அதில் வைத்திருக்கிறார்கள். அது தன் வேலையைத்தான் பார்த்திருக்கிறது. பின்னைச் சுத்தம் செய்து சிலிக்கோன் கிரீஸ் வைத்தார். சாதாரண கிரீஸ் வைத்தால் ரப்பர் உப்பி மறுபடி இறுகிக்கொள்ளுமாம்.

ஆட்டம்தான் நேரம் எடுத்தது. டயல் கேஜை ஊன்றி டிஸ்க்கைச் சுழற்றினார். முள் 0.14 மில்லிமீட்டர் ஆடியது. கழற்றிப் பார்த்தால் ஹப்பின் முகத்தில் துரு. உப்புத்தாளால் தேய்த்து மாட்டியபின் 0.04. டிஸ்க் கோணலாகச் சுற்றும்போது, நாம் பிரேக் பிடிக்காவிட்டாலும் அதன் ஒரே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடில் உரசும். மாசக்கணக்கில் அந்த இடம் மட்டும் மெலியும். எட்டு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்தார்: வித்தியாசம் 0.03. தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. எண்பதில் போகும் சக்கரம் நொடிக்குச் சுமார் பன்னிரண்டு முறை சுற்றுகிறது. பேட் அத்தனை முறையும் அந்த மேடு பள்ளத்தில் ஏறி இறங்குவதுதான் என் கையில் உதறலாக வந்திருக்கிறது.

“டிஸ்க் பெண்டாயிடுச்சுன்னு எல்லாரும் சொல்வாங்க. பெண்டு இல்ல சார், மேடு பள்ளம்” என்றார். விளிம்பில் குறைந்தபட்சக் கனம் 18 என்று பொறித்திருந்தது. இருப்பது 19.3. ஆகவே லேத்தில் இரண்டு பக்கமும் மெல்லச் சீவினால் போதும், புதுசு வேண்டாம். லேத்துக்காரர் டிஸ்க்கைக் கோணலாகப் பிடித்தால் பழைய கதைதான் என்பதால் தானே எடுத்துப்போனார்.

மாட்டும்போது நட்டுகளைக் கையால், எதிரெதிராக, இரண்டு தவணையில் முறுக்கினார். டயர் கடைகளில் ஏர் கன்னை வைத்து ஒரே மூச்சில் இறுக்குவதும் டிஸ்க்கைக் கோணலாக்கும் என்று முணுமுணுத்தார். பில்லில் பேட், கிரீஸ், லேத் கூலி, மாட்டும் கூலி எழுதியிருந்தது. சுவரோரம் போன ஒரு மணி நேரம் எங்கே என்றேன்.

“கண்டுபிடிக்கிறதுக்குக் காசு கேட்டா சண்டைக்கு வருவாங்க சார்.”

முதல் இருநூறு கிலோமீட்டர் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, பேடும் டிஸ்க்கும் பழகட்டும் என்றார். நான் வண்டியை எடுத்த பிறகு கையைத் தட்டி நிறுத்தினார்.

“மழை பேஞ்ச மறுநாள் காலைல கரகரன்னு ஒரு சத்தம் வரும். டிஸ்க்ல துரு. நாலு வாட்டி பிரேக் பிடிச்சா போயிடும். அதுக்கு வந்துடாதீங்க.”