குதிகால் வலியும் ஒரு டப்பா மாத்திரையும்

ரெண்டு மாசமா பதிவு எதுவும் போடலை. ஆணி அதிகம்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். ஆனா உண்மை அது இல்லை. குதிகால், வயிறு, அம்மான்னு மூணு விஷயம் வரிசையா வந்து ஆட்டி வெச்சிருச்சு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கங்க.

நான் குப்பை கொட்டுறது வட ஸ்வீடன்ல, உமெயோங்கிற ஊர்ல. (அம்மா இன்னும் "ஊமையோ"ன்னுதான் சொல்றாங்க. குளிர்காலத்துல தெருவுல ஒரு சத்தமும் இருக்காது, அதனால அதுவும் பொருத்தம்தான் :-)) முதல் குளிர்காலத்துல பனிக்கட்டி மேல வழுக்காம நடக்கப் பழகுறேன்னு காலைக் கோணிக் கோணி நடந்தேன். சனிக்கிழமையானா உள்ளரங்கத்துல பாட்மின்டன் வேற. பிப்ரவரி வாக்குல இடது குதிகாலுக்கு மேல, பின்பக்கம் கயிறு மாதிரி இருக்குமே, அங்க வலி ஆரம்பிச்சது. காலையில கட்டிலை விட்டு இறங்கி முதல் பத்து அடி வைக்கிறதுக்குள்ள உயிர் போய் உயிர் வரும். அப்புறம் நடக்க நடக்க மட்டுப்படும். மறுநாள் காலையில மறுபடியும் அதே கதை.

நம்ம ஊர்ல எது வலிச்சாலும் "நரம்பு இழுத்துக்கிச்சு"ன்னு முடிச்சிருவோம். இது நரம்பு இல்லை, தசைநாண். தசையை எலும்போட கட்டி வெச்சிருக்கிற கயிறு. ஆனா அன்னைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது அம்மா கட்டிக் கொடுத்த மாத்திரை டப்பா ஒண்ணுதான். அதுல ஐபுபுரோஃபன் 400 மில்லிகிராம், பத்து அட்டை. காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. டப்பா தீர்ந்ததும் கவலையே இல்லை, இங்க பால் வாங்குற கடையிலேயே அது கிடைக்குது. ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம். டாக்டர் சொல்லாம தானா வாங்கிச் சாப்பிடுறவங்களுக்கு அதுதான் உச்சவரம்பு, அதுவும் சில நாளைக்கு மட்டும். அடியேன் சாப்பிட்டது ஏழு மாசம்.

மாத்திரை போட்டா வலி குறையும், குறைஞ்சா பாட்மின்டன் ஆடலாம், ஆடினா வலிக்கும், வலிச்சா மாத்திரை போடலாம். நல்லா எண்ணெய் போட்ட செக்கு மாதிரி சுத்திக்கிட்டு இருந்தேன்.

செப்டம்பர்ல ஒரு நாள் மலம் தார் மாதிரி கருப்பாப் போச்சு. இந்த ஊர்ல ப்ளூபெர்ரி சூப்னு ஒண்ணு இருக்கு, முந்தின நாள் அதைக் குடிச்சிருந்தேன். அதுதான் காரணம்னு மூணு நாள் என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். நாலாவது நாள் ஆய்வகத்துக்குப் போற மாடிப்படியில பாதியிலேயே உக்காந்துட்டேன். கண்ணு இருட்டிருச்சு. கூட வேலை பாக்குற பொண்ணுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. வாய் வழியா கேமராக் குழாய் விட்டுப் பாத்தாங்க. வயித்துல புண், அதுலேர்ந்து ரத்தக் கசிவு. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

காரணம் ரொம்ப எளிசு. உடம்புல வலியையும் அழற்சியையும் கிளப்புற புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருள் இருக்கு. ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் எல்லாமே அதை உருவாக விடாம தடுக்குற வகை. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்யுதுன்னு 1971ல ஜான் வேன் கண்டுபிடிச்சார், 1982ல நோபல் பரிசும் வாங்கினார். பிரச்சினை என்னன்னா, வயித்துச் சுவரை அமிலத்துலேர்ந்து காப்பாத்துறதும், கிட்னிக்கு ரத்த ஓட்டம் குறையாம பாத்துக்கிறதும் இதே புரோஸ்டாகிளாண்டின் குடும்பம்தான். திருடனைப் பிடிக்கிறேன்னு காவல்காரனையும் சேத்துக் கட்டிப் போட்ட கதை.

சரி, வயித்தைப் பணயம் வெச்சாவது குதிகால் ஆறுச்சான்னு கேட்டா, அதுவும் இல்லை. இதைச் சொன்னது இங்க இருக்கிற பிசியோதெரபிஸ்ட் அம்மா. காலை அமுக்கிப் பாத்துட்டு, "தசைநாண் தடிச்சிருக்கு. ஆனா நீங்க அணைக்க நினைச்ச நெருப்பு இதுல பெருசா இல்லையே"ன்னாங்க. நாள்பட்ட தசைநாண் வலியில திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்ல பாத்தப்போ, எதிர்பார்த்த அழற்சி செல்கள் பெரும்பாலும் இல்லை. தேர் வடம் புரி புரியா முறுக்கி இருக்கும்ல, அந்தப் புரி கலைஞ்சு தாறுமாறாக் கிடந்தா எப்படி இருக்கும், அதுதான் தெரிஞ்சது. 2002ல கரீம் கான், ஜில் குக் முதலான ஆராய்ச்சியாளர்கள், தசைநாண் "அழற்சி"ங்கிற கட்டுக்கதையைக் கைவிடுங்கன்னு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாங்க. அழற்சியே சுத்தமா கிடையாதுன்னு சொல்லிட முடியாது, ஆரம்பக் கட்டத்துல அதுக்கும் பங்கு இருக்குன்னு பின்னாடி வந்த ஆய்வுகள் காட்டுது. ஆனா மாசக்கணக்கா இழுக்குற வலிக்கு மாசக்கணக்கா மாத்திரை போட்டா கயிறு சரியாகும்ங்கிறதுக்கு ஆதாரம் இல்லை. இதே ஸ்வீடன்ல 1992ல வந்த ஒரு ஆய்வு: குதிகால் தசைநாண் வலி இருந்த 70 பேர்ல ஒரு பாதிக்கு பைராக்சிகாம், மறுபாதிக்கு வெத்து மாத்திரை. ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியலை.

இன்னொரு விஷயம் கேளுங்க. 1950கள், 60கள்ல அணுகுண்டு சோதனைகளால காத்துல ஏறின கார்பன்-14ஐ வெச்சு, 2013ல டென்மார்க்காரங்க குதிகால் தசைநாணோட வயசைக் கணக்குப் போட்டாங்க. அதோட நடுப்பகுதி சுமார் 17 வயசுக்குள்ள உருவானதுதானாம், அதுக்கப்புறம் கிட்டத்தட்ட புதுப்பிக்கப்படுறதே இல்லையாம். திண்டுக்கல்ல பன்னண்டாவது படிச்சப்போ பஸ் பின்னாடி ஓடின அதே கயித்துலதான் இன்னைக்கும் நடக்குறேன். கொஞ்சம் மரியாதையா நடத்தியிருக்கலாம்.

அப்போ என்னதான் வைத்தியம்? இங்கதான் எனக்கு வெக்கமாப் போச்சு. அந்த வைத்தியத்தைப் பிரபலமாக்கினதே இந்த ஊர்க்காரர்தான். ஹோகன் ஆல்ஃப்ரெட்சன்னு ஒரு எலும்பு டாக்டர். அவருக்கே குதிகால் தசைநாண் வலி. ஆபரேஷன் பண்ணிக்கணும்னு கேட்டதுக்கு, ஆள் பத்தாது, லீவு தர முடியாதுன்னு மேலதிகாரி மறுத்துட்டாராம். சரி, அந்துபோனா பண்ணித்தானே ஆகணும்னு வீம்புக்கு வலிக்க வலிக்கக் குதிகாலை இறக்கி ஏத்திப் பாத்திருக்கார். அறுந்து போகலை, வலிதான் போச்சு! 1998ல 15 பேரை வெச்சு ஆய்வா வெளியிட்டார். 12 வாரத்துல அத்தனை பேரும் பழையபடி ஓடப் போயிட்டாங்க. ஓய்வு, மாத்திரைன்னு வழக்கமான வைத்தியம் பாத்து ஒப்பிட எடுத்த 15 பேரும் கடைசியில ஆபரேஷனுக்குப் போனாங்க. சின்ன ஆய்வுதான், எல்லாருக்கும் இப்படிக் கேட்கிறதும் இல்லை. ஆனா பாரம் ஏத்தித்தான் தசைநாணைத் தேத்தணும்ங்கிறது இன்னைக்கும் நிக்குது.

செய்முறை: படிக்கட்டு விளிம்புல முன்பாதத்தை வெச்சு நில்லு. நல்ல காலால எம்பு, வலிக்கிற காலால மெதுவா இறங்கு. முட்டியை நீட்டி 15 தடவை வீதம் மூணு சுத்து, முட்டியை மடக்கி அதே மாதிரி மூணு சுத்து. காலையும் மாலையும். ஆக மொத்தம் தினம் 180. வலி பழகினதும் முதுகுப் பையில புத்தகத்தை அடைச்சு மாட்டிக்கணும். எட்டு வாரம் ஒரு எழவும் தெரியலை. பத்தாவது வாரம் ஒரு நாள் காலையில பாத்ரூம் வரைக்கும் போயிட்டு, பல்லு தேய்க்கும்போதுதான் நொண்டாம வந்தோம்னு உறைச்சது.

இதோட முடிஞ்சிருந்தா இது ஜாலியான பதிவா போயிருக்கும்.

அம்மா சத்துணவுக் கூடத்துல சமையல் வேலை. அண்டாவுல சாதம் கிண்டிக் கிண்டி வலது முழங்கையில மூணு வருஷமா வலி. டென்னிஸ் மட்டையைக் கண்ணால பாக்காத அம்மாவுக்கு டாக்டர் வெச்ச பேரு டென்னிஸ் எல்போ. ஒரு ஊசி போட்டார், ரெண்டு மாசம் சொர்க்கமா இருந்துச்சாம், அப்புறம் முன்னைவிட மோசம். (பிரிஸ்பேன்ல 198 பேரை வெச்சு 2006ல வந்த ஆய்வுலயும் இதேதான்: ஸ்டீராய்டு ஊசி ஆறு வாரத்துல ஜெயிச்சது, ஒரு வருஷத்துல தோத்தது.) அதுக்கப்புறம் மெடிக்கல்ஸ்ல சீட்டு இல்லாம டைக்ளோஃபெனாக். போன வருஷம் போன்ல புலம்பினப்போ நான் சொன்னது இன்னும் காதுல கேக்குது: "வலிச்சா ஒண்ணு போட்டுக்கங்கம்மா, நானும் இங்க அதான் போடுறேன்."

அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை பத்து வருஷமா ஓடுது. பிரஷர் மாத்திரை, நீர் பிரிய மாத்திரை, கூடவே வலி மாத்திரை, இந்த மூணும் சேர்ந்தா கிட்னிக்கு ஆகாதுன்னு என் வயித்துக்கு வைத்தியம் பாத்தவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணி ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொன்னேன். கிரியேட்டினின் 1.7.

"மாத்திரையை நிறுத்துங்கம்மா"ன்னேன்.

"நிறுத்திட்டா அண்டாவை நீயா வந்து கிண்டுவே? நீதானடா சாமி போட்டுக்கச் சொன்னே" அப்படின்னாங்க. கோவமாக் கூட இல்லை, சாதாரணமாத்தான். எனக்கு பதில் வரலை.

ஆச்சு ரெண்டு மாசம். டைக்ளோஃபெனாக்கை நிறுத்தியாச்சு, ரொம்ப வலிச்சா டாக்டர் சொன்ன பாரசிட்டமால். அண்டாவை ஆயாம்மாவும் சேர்ந்து பிடிக்குது. சாயந்திரம் சீரியல் பாத்துக்கிட்டே அரை லிட்டர் தண்ணி பாட்டிலைப் பிடிச்சு மணிக்கட்டை மெதுவா இறக்குற பயிற்சி. வீடியோ கால்ல நான் படிக்கட்டுல நின்னு எண்ணுறேன், அம்மா அங்க எண்ணுறாங்க. போன வாரம் கிரியேட்டினின் 1.4. இன்னும் இறங்கணும், இறங்குமான்னு டாக்டர் உறுதி சொல்லலை.

பதிவைப் படிக்கிற மக்கா, உங்க அப்பா அம்மா தினம் என்ன மாத்திரை போடுறாங்கன்னு இன்னைக்கு ஒரு தடவை கேட்டுருங்க. பேரைக் கேட்டா தெரியாதும்பாங்க. அட்டையைக் கேமரா முன்னாடி காட்டச் சொல்லுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. முனைவர் பட்டம் முடிச்சா ஒரு மாதிரி டாக்டர், ஆனா அந்த டாக்டர் மாத்திரை சொல்லக் கூடாது. சொன்னதோட பலனை மேலே படிச்சீங்க.