ஒரு தடவை கேட்டிருக்கலாம்



நேற்று ராத்திரி மருமகள் ஒரு பழைய ஆங்கிலப் படம் போட்டுக் காட்டினாள். 'தி சில்ட்ரன்ஸ் ஹவர்'. 1961-ல் வில்லியம் வைலர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஆட்ரி ஹெப்பர்ன்தான் கேரன், ஷெர்லி மக்லைன் மார்த்தா. இரண்டு தோழிகளும் சேர்ந்து பெண் பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி நடத்துகிறார்கள். தண்டனை கிடைத்த கோபத்தில் மேரி என்ற மாணவி, டீச்சர்கள் இருவரும் காதலர்கள் என்று பாட்டியின் காதில் ஓதிவிடுகிறாள். பாட்டி பெரிய இடம். வீடு வீடாகப் போன் பறக்கிறது. கார் கார்களாக வந்து பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள். ஏன் என்று கேரன்தான் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் பொய் வெளிப்படுகிறது. பாட்டி மன்னிப்புக் கேட்கிறாள், பணமும் தருகிறேன் என்கிறாள். ஆனால் மார்த்தா உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

லில்லியன் ஹெல்மன் 1934-ல் எழுதிய நாடகம்தான் மூலம். அதற்கும் மூலம், 1810-ல் எடின்பரோவில் நிஜமாகவே நடந்தது. அந்த இரண்டு ஆசிரியைகளும் வழக்குப் போட்டு, பிரபுக்கள் சபை வரை போய், 1819-ல் ஜெயித்தார்கள். ஆனால் பள்ளிக்கூடம் 1810-லேயே போய்விட்டது.

படம் முடிந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் வேலை பார்த்த ஓர் ஊரில், புதிதாக வந்த சின்ன வயசு டீச்சரைப் பற்றி ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு கிளம்பியது. நான் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன், அவ்வளவுதான். அந்தப் பெண் மாறுதல் வாங்கிக்கொண்டு கிளம்பிய அன்று என்னிடம் வந்து, "நீங்களாவது எங்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கலாமே டீச்சர்" என்றாள். முப்பது வருஷமாகிறது. இன்னும் பதில் சொல்லவில்லை.

பிள்ளைகள் ஒரு புகார் சொன்னால் கட்டாயம் காது கொடுத்துக் கேளுங்கள். உரியவர்களிடம் சொல்லி விசாரிக்கச் செய்யுங்கள். ஆனால் விசாரிப்பது வேறு, வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவது வேறு. உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள். அதனால்தான் சொல்கிறேன்.

அந்த டீச்சரின் நம்பர் ஒரு மாணவியிடம் கிடைத்திருக்கிறது. நாளைக்குப் பேசப் போகிறேன். கை இப்போதே நடுங்குகிறது.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்