கேள்வி நோட்டு

"பானைத் தண்ணி மட்டும் ஏம்மா ஜில்லுனு இருக்கு?" என்று இளையவன் நாலாவது தடவையாகக் கேட்டபோது, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "சும்மா இருடா!" என்று அதட்டிவிட்டேன். அப்புறம் இரண்டு நாள் பிள்ளை எதையுமே கேட்கவில்லை. எனக்கு மனசு உறுத்தியது. நிஜத்தைச் சொல்லிவிடுகிறேனே, எனக்குப் பதில் தெரியாது!

பெரியவளின் பௌதிகப் புத்தகத்தைப் புரட்டிப் படித்து, அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். மறுபடி கேள்விகள் ஆரம்பமாயின. பழைய நோட்டு ஒன்றில் தேதிவாரியாக எழுதி வைத்தேன். வேண்டும்போது ஒன்றும் அகப்படவில்லை. பிறகுதான் பதில்வாரியாகப் பிரிக்கத் தோன்றியது.

பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. வியர்த்த உடம்புக்கு ஃபேன் காற்று சுகமாயிருப்பதும், தலைக்குக் குளித்ததும் குளிர்வதும் அதே பக்கம்தான். குக்கருக்கு வேறு பக்கம். உள்ளே அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி ஏறக்குறைய 120 டிகிரி வரை சூடாகிறது. பருப்பு சட்டென்று வேகிறது. ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் சாதம் வேக நேரமாகிறதே, அதுவும் இங்கேதான். அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடும்.

போன வாரம் தடுப்பூசி போடப் போனோம். நர்ஸ் ஸ்பிரிட் தடவியதும், "அம்மா, ஜில்லுங்குது! இது பானைப் பக்கம்தானே?" என்றான். ஊசிக்கு அழக்கூட மறந்துவிட்டான்.