டேவிஸ் தெருச் சீதனம்

லண்டனில் பாண்ட் ஸ்ட்ரீட் சுரங்க ரயில் நிலையத்தின் ஒரு வாசல் டேவிஸ் தெருவில் திறக்கிறது. வெளியே வந்தால் மேஃபேர். மோனோபொலி அட்டையின் லண்டன் பதிப்பில் விலை கூடிய கட்டம் இந்த ஊர்தான். ஒரு காலத்தில் இங்கே மே மாதச் சந்தை கூடும். பெயர் வந்தது அதனால். கூத்தும் குடியும் தாங்காமல் 18-ம் நூற்றாண்டில் சந்தையை மூடினார்கள். பெயர் தங்கிவிட்டது.

ஊரின் வடபக்கம் ஏறத்தாழ 100 ஏக்கர், குரோவ்னர் குடும்பத்துச் சொத்து. வாளால் வென்றதோ அரசர் கொடுத்ததோ அல்ல, அசல் சீதனம்.

ஹியூ ஆட்லி என்பவர் வட்டிக்கு விட்டே பெரும் பணக்காரரானவர். 1662-ல் அவர் இறந்தபோது, இந்த 100 ஏக்கரும் அடங்கிய ஈபரி பண்ணை நிலம் உறவுவழியில் அலெக்சாண்டர் டேவிஸுக்கு வந்தது. டேவிஸை 1665-ல் கொள்ளைநோய் கொண்டுபோனது. மிஞ்சியது கைக்குழந்தை மேரி. அந்தக் குழந்தையைச் சுற்றித்தான் பேரம் தொடங்கியது. முதலில் பெர்க்லி பிரபு தன் மகனுக்குப் பேசி 5,000 பவுனும் கொடுத்தார். ஆனால் எழுதித் தருவதாகச் சொன்ன நிலத்தை அவரால் தர முடியவில்லை, சம்பந்தம் முறிந்தது. 1677 அக்டோபரில் செஷயர் பக்கத்துப் பண்ணையார் சர் தாமஸ் குரோவ்னர் அவளை மணந்தார். மாப்பிள்ளைக்கு வயது 21. பெண்ணுக்கு 12.

பெண்ணோடு வந்த சுமார் 500 ஏக்கரில் பெரும்பகுதி வெறும் புல்லும் சதுப்பும். 1720-களில் மகன் சர் ரிச்சர்ட் தொழிலில் இறங்கினார். தொழில் என்றால் வீடு கட்டி விற்பது அல்ல. தச்சர், கொத்தனார் போன்றோருக்கு மனையைப் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார். வீடு அவர்கள் செலவில் எழும். கட்டும் காலத்தில் வாடகை ஒரே ஒரு மிளகு, அதாவது பேருக்கு. பிறகு அடிமனை வாடகை. கெடு முடிந்தால் மனையோடு வீடும் குடும்பத்துக்கே திரும்பும். அடுத்தவன் காசில் ஊர் எழுப்பி, பேரன் காலத்தில் அதைச் சொந்தமாக்கிக்கொள்ளும் வித்தை. இதைக் கெட்டிக்காரத்தனம் என்பதா, பொறுமை என்பதா?

தெற்கே இருந்த சதுப்பை 1820-களில் தொடங்கி தாமஸ் க்யூபிட் மேடாக்கி எழுப்பியதுதான் பெல்கிரேவியா. செஷயரில் குடும்பத்துக்குச் சொந்தமான பெல்கிரேவ் கிராமத்தின் பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது.

பணமுடை வந்தபோது 1950-களில் சொத்தின் இன்னொரு பகுதியான பிம்லிகோவை விற்றார்கள். மற்றபடி விற்பது என்றாலே இந்த வீட்டில் கசப்பு. நீண்ட குத்தகைக்காரர்கள் மனையை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று 1967-ல் பிரிட்டிஷ் சட்டம் வந்தது. அதை எதிர்த்துக் குடும்ப அறங்காவலர்கள் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம்வரை போனார்கள். 1986-ல் தோற்றார்கள்.

மேரிக்கு என்ன ஆயிற்று? 1700-ல் கணவர் இறந்தார். மறு ஆண்டு பாரிஸில் தன்னை மணந்துகொண்டதாக ஒருவன் சொத்துக்கு வழக்காடினான். குடும்பம் போராடி 1705-ல் அதை முறித்தது. மனம் பேதலித்தவர் என்று அறிவிக்கப்பட்ட மேரி, பிறர் பொறுப்பிலேயே இருந்து 1730-ல் இறந்தார். குரோவ்னர் சதுக்கம் அப்போது எழும்பிக்கொண்டிருந்தது.

கடன் கொடுத்த ஆட்லி பெயரில் இங்கே இரண்டு தெருக்கள். மேரி பிறந்த வீட்டின் பெயர் டேவிஸ் தெருவுக்கு. ரயில் நிலையத்திலிருந்து அதில் தெற்கே நடந்தால், சில நிமிடங்களில் அது போய் முடியும் இடம் பெர்க்லி சதுக்கம்.