பழைய காரும் பொறுமையான பரிசோதனையும்

நம் வீடுகள் பலவற்றில் ஒரு பழைய கார் உண்டு. கடல் கடந்து உழைத்த பணத்தில் என்றோ வாங்கியதாக இருக்கும். இன்று அதை விற்கப் போனால் ஒரு நல்ல கைப்பேசியின் விலைக்குச் சற்று மேலே கேட்பார்கள். ஆயினும் மருத்துவமனைக்கும், கல்யாண வீட்டுக்கும், மையித்து வீட்டுக்கும் அதை நம்பித்தான் புறப்படுகிறோம். அத்தகைய வண்டி அடிக்கடி பழுதாகத் தொடங்கினால் பணத்தை இழப்பதற்கு முன்பே நிதானத்தை இழந்துவிடுகிறோம். ஒருவர் பேட்டரி என்பார். இன்னொருவர் எஞ்சின் என்பார். மூன்றாமவர் "தள்ளிவிடுங்கள்" என்பார். மூவர் சொல்லுக்கும் பின்னால் ஓடுகிறோம். எதையும் அளந்து பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டு வண்டி 2004இல் வாங்கிய மாருதி 800. 1983ஆம் ஆண்டின் இறுதியில் சாலைக்கு வந்து, 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி அது. 796 சி.சி. கொள்ளளவு, மூன்று சிலிண்டர்கள், எளிய அமைப்பு. உதிரிப் பாகங்கள் இன்றும் சிற்றூர்க் கடைகளில் கிடைக்கின்றன. எங்கள் ஊர் காயல்பட்டினம். கடற்காற்றின் உப்பு வீட்டு ஜன்னல் கம்பியையே தின்னும் ஊரில், இருபது ஆண்டு நின்ற வண்டியின் இணைப்புகளை மட்டும் அது விட்டுவைக்குமா?

சென்ற விடுமுறையில் நான் துபையிலிருந்து வந்தபோது வண்டியை விற்பதென வாப்பா முடிவு செய்திருந்தார்கள். காரணம் சிறியதன்று. உம்மாவுக்கு வாரம் இருமுறை தூத்துக்குடியில் டயாலிசிஸ். திங்களும் வியாழனும் காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். தவறினால் அன்றைய முறை இன்னொருவருக்குப் போய்விடும். தம்பிதான் ஓட்டிச் செல்வான். இரண்டு மாதங்களாக வண்டியில் மூன்று தொல்லைகள். காலையில் செல்ஃப் சோர்ந்து சோர்ந்து சுற்றியது; சில நாள் 'டக்' என்ற ஒலியோடு நின்றது. வழியில் வெப்பம் காட்டும் முள் சில வேளைகளில் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறியது. முன்விளக்குகள் மஞ்சளித்து மங்கின.

ஒரு பட்டறையில் முள்ளைப் பார்த்துவிட்டு, ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டைக் கழற்ற வேண்டும், 22,000 ரூபாய் ஆகும் என்றார்கள். எலக்ட்ரிக் கடையில் பேட்டரியும் செல்ஃப் மோட்டரும் மாற்ற வேண்டும் என்றார்கள். வாடகைக் காருக்கு ஒரு நடைக்கு 1,600 ரூபாய். "பணம் போனாப் போகட்டும். உங்க உம்மாவை நடுரோட்டுல நிறுத்திர்ற வண்டி நமக்கு வேண்டாம்" என்றார்கள் வாப்பா. அந்தச் சொல்லில் இருந்தது கோபமன்று, அச்சம்.

நான் மெக்கானிக் அல்லன். ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவன். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் என் நண்பனின் வாப்பா நடத்திய சிறு பட்டறையில் மாலை நேரங்களில் உட்கார்ந்திருப்பேன். அவர் எந்த வண்டி வந்தாலும் உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டார். எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேட்பார். அதன் பிறகே பானட்டைத் திறப்பார். அவரிடம் நான் கற்றது அவ்வளவே. ஆனால் அது போதுமானதாக இருந்தது.

வண்டியை விற்பதை ஒரு வாரம் தள்ளிவைக்கும்படி வாப்பாவிடம் கேட்டேன். அந்த வாரம் உம்மா வாடகைக் காரில் போகட்டும் என்று ஏற்பாடு செய்தோம். நோயாளியை ஏற்றிக்கொண்டு சோதனை செய்வது முறையன்று. தம்பியிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, முள் ஏறும் ஒவ்வொரு முறையும் நேரம், வேகம், அப்போது என்னென்ன இயங்கிக்கொண்டிருந்தன என்பவற்றை எழுதச் சொன்னேன். நான்கு நாள் குறிப்பில் விடை பாதி வந்துவிட்டது. நண்பகல் வெயிலில், நெரிசலில், முள் நடுவிலேயே நின்றது. ஃபஜ்ருக்குப் பிந்திய குளிர்ந்த இருட்டில், விளக்கைப் போட்டதும் ஏறியது, அணைத்ததும் இறங்கியது.

இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். எஞ்சினும் அதைச் சுற்றி ஓடும் பல லிட்டர் தண்ணீரும் ஒரு நொடியில் சூடாகா. ஒரு நொடியில் ஆறவும் மாட்டா. விளக்கின் பொத்தானுக்குக் கட்டுப்பட்டு ஏறி இறங்குவது வெப்பமாக இருக்க முடியாது. அது மின்சாரமாகத்தான் இருக்க வேண்டும். ஹெட் கேஸ்கெட் போனதற்கான மற்ற அடையாளங்களையும் பார்த்தோம். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டரைத் திறந்தால் கூலண்ட் குறையவில்லை. ஆயில் பார்க்கும் குச்சியில் பாலாடை போன்ற வெண்மை இல்லை. சூடான பிறகும் தொடர்ந்து வரும் வெண்புகை இல்லை. ஒரு நோய்க்கு நான்கு அறிகுறிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அந்த ஒன்றும் விளக்கோடு சேர்ந்து ஆடுகிறது என்றால், நோய் வேறு.

அடுத்து மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணக் கருவி. இரவு முழுதும் நின்ற வண்டியின் பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டியது. அது நிறைவாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியின் அளவு, 12.4 என்றால் முக்கால் பங்கு, 12க்குக் கீழே என்றால் ஏறத்தாழக் காலி. தம்பி சாவியைத் திருப்பியபோது பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 11.3 வோல்ட் நின்றது. பேட்டரி தளர்ந்திருந்தால் அந்நேரம் 9.6க்குக் கீழே சரிந்திருக்கும். எனவே பேட்டரியைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டோம்.

பேட்டரி நலம், செல்ஃப் சோர்கிறது. அப்படியானால் மின்சாரம் வழியில் எங்கோ தடைபடுகிறது, அல்லது செல்ஃப் மோட்டரே பழுது. பேட்டரியிலிருந்து போகும் பாதையைப் போலவே திரும்பி வரும் பாதையும் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எங்கள் வண்டியில் எதிர்முனையிலிருந்து புறப்படும் எர்த் வயர் உடற்கூட்டில் ஓரிடத்தில் பற்றி, அங்கிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிறது. செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் நேர்முனைக்கும் செல்ஃப் மோட்டரின் முனைக்கும் இடையே அளந்தோம்: 0.3 வோல்ட். குறை சொல்ல முடியாது. பிறகு எதிர்முனைக்கும் எஞ்சினின் உலோகத்துக்கும் இடையே அளந்தோம்: 2.6 வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டினாலே ஐயப்பட வேண்டிய இடம் அது. செல்ஃபுக்குச் சேர வேண்டிய பலத்தை எர்த் வயரே வழியில் விழுங்கிக்கொண்டிருந்தது.

அத்தோடு முடிவுக்கு வந்துவிடவில்லை. ஜம்பர் கேபிள் ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மறுமுனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் கவ்வவிட்டு, சாவியைத் திருப்பச் சொன்னேன். செல்ஃப் புதிய வண்டியைப் போலச் சுற்றியது. விளக்கைப் போட்டோம், முள் அசையவில்லை. செல்ஃப் மோட்டரும் நலம் என்பது உறுதியாயிற்று. முள்ளின் ஆட்டத்துக்கும் விளக்கம் கிடைத்தது. வெப்பத்தை உணரும் சென்சர் எஞ்சினைத் தன் எர்த்தாகக் கொண்டு வேலை செய்வது. விளக்குகளின் மின்னோட்டம் பழுதான எர்த்தின் வழியே டைனமோவுக்குத் திரும்ப முயலும்போது, உடற்கூட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. முள் அதையும் வெப்பமாக எண்ணிக் காட்டியது. முள் பொய் சொல்லவில்லை. அதற்குக் கிடைத்த செய்தி பிழையானது.

எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றி வைத்துவிட்டு, கியர்பாக்ஸிலிருந்த எர்த் வயரின் போல்ட்டை அவிழ்த்தோம். வளையத்தின் அடியில் பச்சைப் பொடி. உலோகம் தெரியாத அளவு துரு. உப்புத்தாளால் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, புதிய வயரும் புதிய முனையும் பொருத்தி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசினோம். எதிர்முனையைக் கடைசியாக மாட்டினோம். செலவு 350 ரூபாய். அல்ஹம்துலில்லாஹ், மூன்று தொல்லைகளில் இரண்டு அன்றே தீர்ந்தன.

மூன்றாவது தொல்லை முழுதாகத் தீரவில்லை. விளக்கு முன்பைவிடத் தெளிந்தாலும், இன்னும் சற்றே மங்கல். எஞ்சின் ஓடும்போது, விளக்கும் வைப்பரும் இயங்க, பேட்டரியில் 13.1 வோல்ட்தான் காட்டியது, ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். விளக்கைப் போட்டதும் பெல்ட் கீச்சிட்டது. டைனமோவைச் சுற்றும் பெல்ட் தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. இறுக்கியதும் 14.1. ஒரு வண்டியில் ஒரே நேரத்தில் இரு குறைகள் இருக்கலாம். முதலாவதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் இரண்டாவதைத் தேடாமல் விடக் கூடாது.

ஹெட் வேலை சொன்ன பட்டறைக்காரர் ஏமாற்ற முயன்றார் என்று வீட்டில் சிலர் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவரின் உள்ளத்தை நாம் திறந்து பார்க்கவில்லை. வெறும் ஊகத்தை வைத்து ஒரு மனிதரின் பெயரைக் கெடுப்பது, பணத்தை இழப்பதைவிடப் பெரிய இழப்பு. நானும் தம்பியும் அவரிடமே போய் நடந்ததைச் சொன்னோம். அவர் பழைய வயரைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "முள்ளு ஏறுதுன்னு சொன்னீங்க. லைட்டு போட்டா ஏறுதுன்னு சொல்லலையே தம்பி" என்றார். அது நியாயமான சொல். நோயாளி அறிகுறியைப் பாதி சொன்னால் மருத்துவரும் பாதிதான் அறிவார். பிரேக் வேலையை அவரிடமே கொடுத்தோம். நன்றாகவே செய்து தந்தார்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்பதற்காக இதை எழுதவில்லை. பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கினாலோ, பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, பெட்ரோல் வாடை வந்தாலோ, வண்டியை நிறுத்திவிட்டுத் தெரிந்தவரை அழைப்பதே கடமை. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது முகத்தைக் கொதிநீரில் காட்டுவதற்குச் சமம். எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஃபியூஸையோ கம்பித் துண்டையோ வைப்பவர், வண்டிக்குத் தீ வைக்க ஏற்பாடு செய்கிறார். ஃபியூஸ் எரிவது நோயன்று, எச்சரிக்கை.

ஆனால் கவனிப்பது எல்லோராலும் இயலும். நீலப் புகை எஞ்சின் ஆயிலை எரிக்கிறது என்பதையும், கரும்புகை பெட்ரோல் மிகுதியாகப் போகிறது என்பதையும், விடாத வெண்புகை கூலண்ட் உள்ளே கசிகிறது என்பதையும் தெரிவிக்கும். சாவியைத் திருப்பியதும் 'டக் டக் டக்' என விரைந்து கேட்டால் பேட்டரியையோ இணைப்பையோ பாருங்கள். விளக்கு மங்காமல் ஒரே ஒரு 'டக்' என்றால் செல்ஃப் மோட்டரைப் பாருங்கள். ஓசையே இல்லையென்றால் சாவி சுவிட்சையும் ரிலேயையும் பாருங்கள். நகரும்போது சூடு ஏறாமல், நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஏறினால், ரேடியேட்டர் விசிறி சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன், 'அதுதான் பழுது என்று எப்படித் தெரிந்தது?' என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல தொழிலாளி அந்தக் கேள்விக்கு வருந்த மாட்டார்.

வாப்பா வண்டியை விற்கவில்லை. ஆயினும் நான் புறப்படுவதற்கு முன் அவர்கள் இரு நிபந்தனைகளை வைத்தார்கள். வியாழன், திங்கள் பயணங்களுக்கு முந்தைய இரவே வண்டியை ஒருமுறை ஸ்டார்ட் செய்து மீட்டரில் பார்க்க வேண்டும். அளவு குறைந்தால் வாடகைக் காருக்கு அன்றிரவே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, என்றாவது விற்க நேர்ந்தால் அந்தக் குறிப்பேட்டையும் சேர்த்தே வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். எந்தக் குறையையும் மறைக்கக் கூடாது. தம்பி ஊரில் இல்லாத நாள்களில் இப்போது லாத்தாதான் மீட்டரை வைத்துப் பார்க்கிறாள். சென்ற ஞாயிறு இரவு அவள் எனக்கு அனுப்பிய செய்தியில் வேறொன்றும் இல்லை: "12.6. உம்மா நல்லா தூங்குறாங்க."