நந்தியாவட்டையை வெட்டச் சொன்னவன்

எங்கள் வீட்டு முன்புறத்தில் இருந்த அடுக்கு நந்தியாவட்டையை வெட்டச் சொன்னது நான்தான். பட்டுப்போய்விட்டது என்று உறவினர்களிடம் சொல்லி வந்தேன். அது பொய். நன்றாகப் பூத்துக்கொண்டிருந்த செடி.

கூடவே பவழமல்லியும் போயிற்று. பவழமல்லி இருட்டியதும் மலரும். விடியும்போது ஆரஞ்சுக் காம்போடு தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும். அம்மா பொறுக்கிச் சாமி படத்துக்கு வைப்பார். எனக்கோ அது பெருக்க வேண்டிய குப்பை. முன்புறம் முழுக்க பேவர் பிளாக் பதித்தேன். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்காமலிருக்க மதிலை ஒட்டி கோனோகார்பஸ் வரிசையாக வைத்தேன். "பூக்கிற செடியை எடுத்துட்டு இதையா வைக்கிற?" என்று அம்மா கேட்டார். பதில் சொல்லவில்லை.

நர்சரிக்காரர் என்னை ஏமாற்றவில்லை. வேகமாக வளரும், வெயில் தாங்கும், பூச்சி வராது என்றார். பூச்சி வராது என்பதையே பெரிய தகுதியாக எடுத்துக்கொண்டேன். சீக்கிரமே மதிலுக்கு மேல் அடர்த்தியான பச்சை மறைப்பு எழும்பியது. வந்தவர்கள் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டியிருந்தது.

குஜராத் அரசு 2023இல் இந்த மரத்தைத் தடை செய்த செய்தியைப் படித்தேன். வேர் தண்ணீர்க் குழாய்களையும் கழிவுநீர்க் குழாய்களையும் கேபிள்களையும் கெடுக்கிறது, மகரந்தத்தால் சளியும் ஆஸ்துமாவும் வருகின்றன என்று காரணம் சொல்லியிருந்தார்கள். பின்னர் தமிழ்நாடு அரசும் தடை விதித்தது. தெரிந்தும் வெட்டவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கழிவுநீர் அடைத்துக்கொண்டது. ஆள் வைத்துத் தோண்டினார். குழாய் இணைப்பின் இடுக்கில் நுழைந்து, உள்ளே சிக்குப் பிடித்த சடைபோல் திரண்டிருந்த வேரைக் கொண்டுவந்து காட்டினார். "தம்பி, இது உங்க மரமா பாருங்க." பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. "தெரு வேம்போட வேரா இருக்கும்க்கா" என்றேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை; செலவையும் அவரே பார்த்துக்கொண்டார். தவறான செடியைத் தேர்ந்தெடுத்ததைவிட இந்தப் பதில்தான் இன்றுவரை என்னை அரிக்கிறது. இதை எழுதும் முன் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நந்தியாவட்டையை எடுத்ததற்கு உடனடிக் காரணம் ஒரு புழு. விரல் நீளம், இலையின் அதே பச்சை. தலைக்குச் சற்றுப் பின்னால் கண் வடிவில் நீலமும் வெள்ளையுமாக இரண்டு புள்ளிகள், வாலில் சிறு கொம்பு. அருவருப்பில் அன்றே ஆள் கூப்பிட்டேன். அரளி, நந்தியாவட்டை இலைகளைத் தின்று வளரும் பெரிய அந்துப்பூச்சியின் புழு அது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கடிக்காது, கொட்டாது. முதிர்ந்ததும் பழுப்பு நிறமாகித் தரைக்கு இறங்கிச் சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகும். பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த சிறகோடு வெளியே வந்து, அந்தியில் வாசமுள்ள பூக்களில் தேன் குடிக்கும். அது தின்ற கிளையில் செடி மறுபடி துளிர்த்துக்கொள்ளும். அந்தப் பூச்சிக்கான இலை, சருகு, மண் மூன்றையும் ஒரேயடியாக எடுத்தவன் நான். முன்புறம் பளிச்சென்று இருந்தது. ஒரு வண்ணத்துப்பூச்சி வரவில்லை.

கோனோகார்பஸை வெட்டியாயிற்று. அடிக்கட்டை இன்னும் துளிர் விடுகிறது, கிள்ளிக்கொண்டிருக்கிறேன். மதிலோரம் கல்லைப் பெயர்த்து இட்லிப்பூவும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் நட்டிருக்கிறேன். மதில் உயரத்துக்கு வர நாளாகும். வரட்டும்.

நர்சரிக்குப் போகிறவர்கள் செடி எவ்வளவு வேகமாக வளரும் என்பதோடு, அதன் வேர் எவ்வளவு தூரம் ஓடும் என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டு நந்தியாவட்டையில் கொம்பு வைத்த பச்சைப் புழு இருந்தால் மருந்து அடிக்காதீர்கள். செடி தாங்கும்.